நாட்டுக்கோழிக் குழம்புக்கு அகலமான எவர்சில்வர் சட்டி: டிரை-பிளையா, அடித்தட்டு வைத்ததா?

நொய்யல்கரை (கோவை)

அனைவருக்கும் வணக்கம். ஞாயிற்றுக்கிழமைகளில் நாட்டுக்கோழியோ வெள்ளாட்டுக் கறியோ வைப்பது எங்கள் வீட்டு வழக்கம். இதுநாள்வரை என் கல்யாணச் சீரில் வந்த, பெயர் வெட்டிய எவர்சில்வர் குண்டாவில்தான் வைத்து வருகிறேன். அது உயரமாகவும் அடி மெல்லியதாகவும் இருப்பதால், சின்ன வெங்காயத்தையும் வரமிளகாயையும் வதக்கும்போதே அடியில் வட்டமாகக் கருகிவிடுகிறது. கறியைப் போட்டால் சிவப்பதற்கு முன்பே தண்ணீர் விட்டு வெந்துபோகிறது. கடைசியில் அரைத்த தேங்காயை ஊற்றிச் சுண்ட வைக்கும் கால் மணி நேரமும் அடுப்பை விட்டு நகர முடிவதில்லை.

எனவே பிரேசிங் பான் என்று சொல்லப்படும் வகையில் ஒன்று வாங்க நினைக்கிறேன். அகலமாக, உயரம் குறைவாக, இருபுறமும் காது வைத்து, மூடியுடன் இருக்க வேண்டும். முதலில் அதிலேயே வதக்கி, பிறகு கொஞ்சமாகத் தண்ணீர் விட்டு, மூடிச் சிறு தீயில் ஒரு மணி நேரத்துக்கு மேல் வேக வைக்க வேண்டும். டவுன்ஹால் பக்கம் இரண்டு கடைகளில் கேட்டேன். ஒருவர் அதைக் கேசரோல் என்றார், மற்றவர் பிரியாணி பாட் என்றார். இருவர் காட்டியதும் 28 செ.மீ. அகலம்தான். ஒன்று அடி முதல் விளிம்பு வரை மூன்று அடுக்காக வரும் டிரை-பிளை. மற்றது சாதாரண எவர்சில்வர் உடலின் அடியில் மட்டும் கனமான தட்டு ஒட்டியது. டிரை-பிளையின் விலை ஏறக்குறைய ஒன்றரை மடங்கு. அந்தக் கூடுதல் பணத்துக்கு அது தகுமா என்பதே என் கேள்வி. வீட்டில் இரண்டு பர்னர் கேஸ் அடுப்பு இருக்கிறது; இண்டக்ஷன் எப்போதாவதுதான்.

பட்டறைக்காரன் (பீளமேடு)

சகோதரி, நான் சமையல்காரன் அல்லன். லேத்துப் பட்டறை வைத்திருப்பவன். உலோகத்தைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

உங்கள் குண்டா வட்டமாகக் கருகுவதற்குக் காரணம் எவர்சில்வரின் இயல்பு. வெப்பம் கடத்தும் திறனைப் பொதுவான அலகில் சொன்னால் செம்புக்கு ஏறக்குறைய 400, அலுமினியத்துக்கு 235, வார்ப்பிரும்புக்கு 50, நாம் சமைக்கும் எவர்சில்வருக்கோ வெறும் 15 அல்லது 16. தீ எந்த இடத்தில் படுகிறதோ அந்த இடத்திலேயே சூடு தங்கிவிடும். பக்கத்து விரற்கடைக்குப் போய்ச் சேருவதற்குள் கீழே மசாலா கருகியிருக்கும். அதனால்தான் நல்ல சட்டிகளில் இரண்டு எவர்சில்வர் தகடுகளுக்கு நடுவே அலுமினியத்தை வைக்கிறார்கள். சூட்டைப் பரப்புவது அலுமினியத்தின் வேலை. புளிக்கும் தக்காளிக்கும் ஈடுகொடுப்பது எவர்சில்வரின் வேலை.

கடைக்குப் போகும்போது ஒரு தராசில் நிறுத்துப் பாருங்கள். 28 செ.மீ. அகலமும் 7.5 செ.மீ. உயரமும் உள்ள சட்டியின் அடியும் சுவரும் சேர்ந்து ஏறத்தாழ 1,275 சதுர செ.மீ. வரும். மொத்த கனம் 2.5 மி.மீ., அதில் அலுமினியம் 1.5 மி.மீ. என்றால், கைப்பிடியும் மூடியும் நீங்கலாகவே ஒன்றரைக் கிலோ இருந்தாக வேண்டும். அதே அளவில் 0.8 மி.மீ. கனமுள்ள சாதாரண சட்டி 800 கிராம்தான் இருக்கும். பெட்டியின் மேல் டிரை-பிளை என்று அச்சடித்துவிட்டு ஒரு கிலோ காட்டினால், அங்கே அலுமினியம் பேருக்குத்தான் இருக்கிறது என்று அர்த்தம்.

அம்மாயி கைப்பக்குவம் (காங்கயம்)

அம்மணி, எனக்கு அறுபத்தெட்டு வயதாகிறது. என் அம்மா மண்சட்டியிலும் ஈயம் பூசிய பித்தளைப் போசியிலும் கறி வைத்தார்கள்; நான் எவர்சில்வரில் வைக்கிறேன். இரண்டையும் பார்த்தவள் என்பதால் ஒன்று சொல்கிறேன். சட்டியின் அடியைப் பற்றி எல்லோரும் பேசுகிறார்கள், மூடியைப் பற்றி யாரும் பேசுவதில்லை.

எங்கள் வீட்டில் கறிச்சட்டியை மூடும்போது குழிவான வட்டலை வைத்து, அதில் இரண்டு டம்ளர் பச்சைத் தண்ணீர் ஊற்றி வைப்போம். உள்ளே எழும்பும் ஆவி குளிர்ந்த வட்டலின் அடியில் பட்டு நீராகிக் கறியின் மேலேயே சொட்டும். குழம்பு வற்றினால் வட்டலில் சூடாகியிருக்கும் அந்தத் தண்ணீரையே எடுத்து ஊற்றலாம். பச்சைத் தண்ணீர் ஊற்றினால் கொதி அடங்கிக் கறி இறுகிப்போகும் என்பார்கள். நீங்கள் பிரேசிங் என்று சொல்லும் வேலையை நாங்கள் பெயர் வைக்காமலே செய்துவந்திருக்கிறோம். ஆகையால் விளிம்பு சமமாக இருக்கிறதா, தட்டு வைத்தால் ஆடாமல் உட்காருகிறதா என்பதை முதலில் பாருங்கள். விலை உயர்ந்த சட்டியாக இருந்து மூடி ஆடினால், ஒரு மணி நேரத்தில் குழம்பு பொரியலாகிவிடும்.

மூன்று அடுக்குச் சட்டி வீண் செலவு என்பது என் எண்ணம்.

பட்டறைக்காரன் (பீளமேடு)

அம்மாயி சொல்லும் வட்டல் முறைக்குக் காரணம் மிக எளிது. மூடி எவ்வளவு குளிர்ச்சியாக இருக்கிறதோ அவ்வளவு ஆவி திரும்ப நீராகும். மேலே தண்ணீர் இருக்கும் வரை மூடி 100 டிகிரியைத் தாண்டாது. இந்த ஊர்ப் பொறியியல் கல்லூரிகளில் பாடமாக வைக்கலாம்.

கண்ணாடி மூடி வேண்டாம் என்பதையும் இத்துடன் சேர்த்துக்கொள்ளுங்கள். உள்ளே தெரிகிறது என்று பெருமையாக விற்கிறார்கள். கறி வேகத் தொடங்கியதும் ஆவி படிந்து எதுவும் தெரியாது. ஆவி போவதற்கென்று அதில் ஓட்டை வேறு போட்டிருப்பார்கள்.

பூந்துறைச்சாலை (ஈரோடு)

குக்கர் இருக்கும்போது இத்தனை ஆராய்ச்சி எதற்கு? நான்கு விசிலில் நாட்டுக்கோழி வெந்துவிடுமே.

நொய்யல்கரை (கோவை)

வெந்துவிடும் என்பதில் மறுப்பில்லை. குக்கருக்குள் சூடு 120 டிகிரி வரை போவதால் முற்றிய கோழியும் சீக்கிரம் மசிகிறது. ஆனால் மூடியிருக்கும் வரை குக்கரில் எதுவும் சுண்டுவதில்லை. திறந்த பிறகு தண்ணீராக நிற்கும் குழம்பை வேறு சட்டிக்கு மாற்றி வற்றவிட வேண்டியிருக்கிறது. அதற்குள் கறி எலும்பை விட்டுக் கழன்றுவிடுகிறது. பள்ளிபாளையம் சிக்கன் போல எண்ணெயிலேயே தேங்காய்ச் சில்லுடன் புரட்டி எடுக்கும் வகைகளுக்குக் குக்கர் எனக்கு ஒருநாளும் ஒத்துவரவில்லை.

மஞ்சள்மண்டி (ஈரோடு)

எவர்சில்வரின் தரத்தைப் பற்றி யாரும் தொடவில்லை என்பதால் நான் எழுதுகிறேன். நான் பணம் கொடுத்துக் கற்ற பாடம் இது.

மூன்று வருடங்களுக்கு முன் ஒரு கடையில், அடியில் 304 என்று முத்திரை குத்திய அகலச் சட்டி ஒன்றை வாங்கினேன். கடையின் பெயர் இங்கே வேண்டாம். கடைக்காரர் சட்டைப்பையிலிருந்து காந்தத்தை எடுத்து வைத்துக் காட்டினார், ஒட்டவில்லை. அதையே சான்றாக எடுத்துக்கொண்டு வாங்கி வந்தேன். ஆறு மாதத்தில் உள் அடியில் குண்டூசித் தலை அளவுக்குப் புள்ளிப் புள்ளியாகக் குழிகள் விழுந்தன. தேய்த்தால் ஓரிரண்டு புள்ளிகளில் துருவின் நிறமும் தெரிந்தது.

பிறகுதான் விவரம் புரிந்தது. 304 என்பதில் ஏறக்குறைய 18 சதவீதம் குரோமியமும் 8 சதவீதத்துக்குக் குறையாத நிக்கலும் இருக்க வேண்டும். 18/8, 18/10 என்று பொறித்திருப்பது இதைத்தான். நிக்கல் விலை அதிகம் என்பதால் அதைக் குறைத்து, மாங்கனீசைக் கூட்டிச் செய்வது 200 வரிசை. கம்பிக்கூடை, தட்டு, டம்ளர் போன்றவற்றுக்கு அது தாராளமாகப் போதும். உப்பும் புளிப்பும் மணிக்கணக்கில் கொதிக்கும் சட்டிக்கு அது அவ்வளவாகத் தாங்காது. விஷயம் என்னவென்றால் 200 வரிசையிலும் காந்தம் ஒட்டாது. காந்தம் ஒட்டவில்லை என்பதை வைத்து 304 என்று சொல்பவர் ஒன்று தெரியாமல் சொல்கிறார், அல்லது தெரிந்தே சொல்கிறார்.

வெளி அடியில் காந்தம் ஒட்டினால் அது மட்டமான தரம் என்று நினைப்பதும் தவறு. இண்டக்ஷன் அடுப்பில் சூடாக வேண்டும் என்பதற்காக வெளித் தகட்டை 430 என்ற நிக்கல் இல்லாத வகையில் செய்கிறார்கள். அதில் ஒட்டத்தான் வேண்டும்.

பட்டறைக்காரன் (பீளமேடு)

மஞ்சள்மண்டி சொல்வது முழுக்கச் சரி. ஒன்றே ஒன்று கூட்டுகிறேன். டிரை-பிளைச் சட்டியின் உள்ளே காந்தத்தை வைத்தாலும் இலேசாக இழுக்கும். கீழே இருக்கும் 430 தகடு 2 மி.மீ. தள்ளி நின்று இழுப்பது அது. ஆழமாக அழுத்தி உருவாக்கிய இடங்களில் அசல் 304-ஏ கொஞ்சம் காந்தத் தன்மை பெற்றுவிடும். எனவே காந்தத்தால் தெரிந்துகொள்ளக்கூடியது இண்டக்ஷனுக்கு ஆகுமா என்பது ஒன்றுதான்.

ஆனால், ஐயா, உங்கள் சட்டியில் குழி விழுந்ததற்குத் தகட்டின் தரம் மட்டும்தான் காரணம் என்று என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை. நீங்கள் உப்பை எப்போது போடுவீர்கள், என்ன தண்ணீரில் சமைக்கிறீர்கள் என்று தெரிய வேண்டும்.

மஞ்சள்மண்டி (ஈரோடு)

போர்த் தண்ணீர்தான். காலையிலேயே கல் உப்பைத் தண்ணீரில் போட்டு அடுப்பில் ஏற்றுவது என் மனைவியின் வழக்கம். மீந்த குழம்பை இரவு சட்டியிலேயே விட்டுவைப்பதும் உண்டு.

பட்டறைக்காரன் (பீளமேடு)

அப்படியானால் பாதிக் குற்றம் கடைக்காரருக்கு, பாதி கல் உப்புக்கு. எவர்சில்வரின் மேல் கண்ணுக்குத் தெரியாத குரோமியம் ஆக்சைடு படலம் ஒன்று இருக்கிறது. அதுதான் துருவைத் தடுக்கும் கவசம். கீறினாலும் காற்றுப் பட்டதும் தானே மூடிக்கொள்ளும். உப்பிலுள்ள குளோரைடு ஒன்றுதான் அதற்கு எமன். பச்சைத் தண்ணீரில் போட்ட கல் உப்பு கரையாமல் அடியில் போய் உட்காரும். அந்தக் கல்லைச் சுற்றி உப்புச் செறிவு மிக அதிகமாக இருக்கும். அங்கே படலம் உடைந்து குழி விழும். 304-லும் விழும், சற்றுத் தாமதமாக. தண்ணீர் கொதித்த பிறகு உப்பைப் போட்டுக் கலக்கிவிட்டால் இந்தத் தொல்லை பெரும்பாலும் தீர்ந்துவிடும். குழம்பை இரவு வேறு பாத்திரத்துக்கு மாற்றிவிடுங்கள்.

சிறுவாணித் தண்ணீர் வரும் வீடுகளில் சட்டி பளபளவென்று இருக்கும். நம் பக்கம் போர்த் தண்ணீரில் புழங்கும் சட்டிகளில் வெள்ளைத் திட்டு படியும். அது சுண்ணாம்பு, குழியல்ல. கொஞ்சம் எலுமிச்சைச் சாறோ வினிகரோ விட்டுச் சூடாக்கினால் போய்விடும். அதிகச் சூட்டில் வரும் வானவில் நிறத்துக்கும் அதே மருந்து.

பாத்திரவீதி (அனுப்பர்பாளையம்)

எங்கள் குடும்பம் மூன்று தலைமுறையாகப் பாத்திரத் தொழிலில் இருக்கிறது. தாத்தா காலத்தில் பித்தளை, செம்பு. அப்பா காலத்தில் எவர்சில்வர் சேர்ந்துகொண்டது. சேலம் உருக்காலையில் 1981-ல் எவர்சில்வர் தகடு உருட்டத் தொடங்கியதை அப்பா ஊர்த் திருவிழா போலச் சொல்வார். பட்டறையில் உட்கார்ந்து பார்த்தவன் என்ற முறையில் சிலவற்றைச் சொல்கிறேன்.

முதலில் காது. நாலரை லிட்டர் கொள்ளும் சட்டி குழம்புடன் ஆறு கிலோவைத் தாண்டும். காதை வெறும் புள்ளி வெல்டிங்கில் ஒட்டியிருந்தால், ஒரு நாள் இறக்கும்போது ஒரு பக்கம் கையோடு வந்துவிடும்; அந்தக் குழம்பு காலில் கொட்டியதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். ஒரு காதுக்கு இரண்டு ரிவிட்டாவது அடித்திருக்க வேண்டும். உள்பக்கம் ரிவிட்டுத் தலையைச் சுற்றி மசாலா சேரும் என்பது உண்மை. பழைய பல் தேய்க்கும் பிரஷ் ஒன்றை அதற்கென்று வைத்துக்கொள்ளுங்கள். கனமான காதை முழு ஓரமும் வெல்டிங் செய்து பிடித்திருந்தால் அதுவும் நல்லதே. துணி பிடித்த கை முழுதாக நுழைகிறதா என்று கடையிலேயே பாருங்கள்.

அடுத்து அடி. எஃகு அடிக்கோல் ஒன்றைக் குறுக்கே வைத்து வெளிச்சத்தில் பார்த்தால், புதுச் சட்டியின் நடுவில் மயிரிழை அளவு உள்வாங்கியிருக்கும். அது குறையல்ல, சூட்டில் விரிந்து சமமாவதற்காக வேண்டுமென்றே அப்படி விடுவது. நடு வெளியே புடைத்திருந்தால் வாங்காதீர்கள்.

தட்டு ஒட்டிய சட்டியில் அந்தத் தட்டு அடியின் முழு அகலத்துக்கும் வருகிறதா என்று பார்க்க வேண்டும். செலவைக் குறைக்க, 28 செ.மீ. சட்டிக்கு 20 செ.மீ. தட்டு ஒட்டி விற்பவர்கள் இருக்கிறார்கள். தட்டு முடிந்த இடத்திலிருந்து சுவர் வரையுள்ள வளையம் வெறும் மெல்லிய தகடுதான். தீயைக் கூட்டினால் கருகும் இடம் அதுவே. அந்த அலுமினியத் தட்டை முழுவதும் எவர்சில்வர் தகட்டால் மூடியிருக்க வேண்டும். ஓரத்தில் அலுமினியம் எட்டிப் பார்க்கக் கூடாது.

இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் எண் எவர்சில்வர் சமையல் பாத்திரங்களுக்கு ஐஎஸ் 14756. இவற்றுக்கு ஐஎஸ்ஐ முத்திரையைக் கட்டாயமாக்கும் ஆணையை மத்திய அரசு 2024 மார்ச்சில் வெளியிட்டது. பெட்டியில் மட்டுமல்லாமல் சட்டியிலேயே முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள். எங்களைப் போன்ற சிறு பட்டறைகளுக்கு அது சுமைதான். இருந்தாலும் வாங்குபவர் கேட்கத்தான் வேண்டும்.

நொய்யல்கரை (கோவை)

பாத்திரவீதி அண்ணாவுக்கு மிக்க நன்றி. நேற்று என் பழைய குண்டாவைக் கவிழ்த்து அளந்தேன். கருகிய வளையம் குறுக்கே 13 செ.மீ. இருக்கிறது, பெரிய பர்னரின் தீ வளையத்தையும் அளந்தேன், ஏறக்குறைய அதே அளவு. ஆக, தீ எங்கே பட்டதோ அங்கேதான் கருகியிருக்கிறது.

அப்படியானால் 28 செ.மீ. சட்டி வாங்கினால் தீ நடுவில் மட்டும்தானே படும்? ஓரங்களுக்குச் சூடு போய்ச் சேர வேண்டுமென்றால் டிரை-பிளை தானே நல்லது?

பட்டறைக்காரன் (பீளமேடு)

நானும் முதலில் அப்படித்தான் நினைத்தேன். அம்மாயியின் ஒரு வரி என்னை மறுபடி கணக்குப் போட வைத்தது.

சட்டியில் குழம்பு இருக்கும் வரை சூட்டைச் சமப்படுத்தும் வேலையைத் தண்ணீரே செய்துவிடும். அது சுழன்றுகொண்டே இருப்பதால் சுவரில் அலுமினியம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் கறி ஒன்றுபோலத்தான் வேகும். சட்டியின் தரம் தெரிவது இரண்டு தருணங்களில்தான்: தொடக்கத்தில் கறியைச் சிவக்க வதக்கும் பத்து நிமிடமும், முடிவில் தேங்காய் ஊற்றிச் சுண்ட வைக்கும் கால் மணி நேரமும். இரண்டு தருணங்களிலும் வேலை செய்வது அடிதான், சுவரல்ல.

டிரை-பிளையின் அடியில் அலுமினியம் 1.5 மி.மீ.தான் இருக்கும். நல்ல அடித்தட்டுச் சட்டியில் அது 5 மி.மீ. வரை இருக்கும். நடுவில் படும் தீயை ஓரம் வரை கொண்டுசெல்ல மூன்று மடங்குக்கு மேல் கனமான பாதை. டிரை-பிளை ஜெயிப்பது தீ சுவரில் ஏறும்போது: அதாவது சிறிய சட்டியைப் பெரிய பர்னரில் வைக்கும்போதோ, பால் காய்ச்சும்போதோ, சாஸ் கிண்டும்போதோ. உங்கள் நிலைமை நேர் எதிர். சட்டி பெரிது, தீ சிறிது.

எனவே தட்டு முழு அகலத்துக்கும் வரும் அடித்தட்டுச் சட்டியே உங்களுக்குப் போதும். போதும் என்பதைவிட, அதுவே மேல். அம்மாயி சொன்ன முடிவுக்கு நான் ஒரு வாரம் சுற்றி வந்து சேர்ந்திருக்கிறேன்.

அம்மாயி கைப்பக்குவம் (காங்கயம்)

தம்பி, நான் வீண் செலவு என்று சொன்னது விலையைப் பார்த்துத்தான். நீ சொன்ன கணக்கெல்லாம் எனக்குத் தெரியாது.

அம்மணி, எவர்சில்வரில் கறி ஒட்டுகிறது என்று பிறகு வந்து வருத்தப்படாதே. சட்டியை முதலில் வெறுமனே காய வைத்து, ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டுப் பார். சுர்ரென்று ஆவியானால் இன்னும் காயவில்லை, முத்துப்போல உருண்டு ஓடினால் சரியான சூடு. பிறகு எண்ணெய் விட்டு, கறியைப் போட்டபின் கையை வைத்துக்கொண்டு சும்மா இரு. சிவந்தால் தானே விட்டுக்கொடுக்கும். அதற்கு முன் கிளறினால் தோல் அடியோடு போகும். எல்லாக் கறியையும் ஒரே நேரத்தில் கொட்டாதே.

நொய்யல்கரை (கோவை)

மூன்று வாரம் கழித்து வருகிறேன். தராசு, காந்தம், அடிக்கோல் மூன்றையும் பையில் போட்டுக்கொண்டு போனதைப் பார்த்துக் கடைப் பையன் சிரித்தான். மூன்றாவது கடையில் 28 செ.மீ. அகலம், 7.5 செ.மீ. உயரம், தட்டு 26 செ.மீ., காதுக்கு இரண்டு ரிவிட், மூடி நீங்கலாக 1.9 கிலோ என்று ஒன்று கிடைத்தது. முத்திரையும் சட்டியிலேயே இருந்தது. இரண்டு பர்னருக்கும் இடையே உள்ள தூரத்தை வீட்டிலேயே அளந்து போயிருந்ததால் 30 செ.மீ. சட்டியை அப்போதே ஒதுக்கிவிட்டேன். அது வந்திருந்தால் பக்கத்து அடுப்பின் தீ காதைச் சுட்டிருக்கும்.

கறி வைப்பதற்கு முன் ஒரு சோதனை செய்தேன். இரண்டு சட்டிகளிலும் ரவையைச் சமமாகப் பரப்பி, கிளறாமல் சிறு தீயில் வைத்தேன். பழைய குண்டாவில் மூன்று நிமிடத்தில் கறுப்பு வளையல் போல ஒரு வட்டம் விழுந்தது; நடுவிலும் ஓரத்திலும் ரவை வெள்ளையாகவே இருந்தது. புதுச் சட்டி சூடாகவே நேரம் எடுத்துக்கொண்டது, ஆனால் ஓரத்தில் இரண்டு விரல் அகலம் தவிர எல்லா இடமும் ஒரே பொன்னிறமாக வந்தது.

முதல் கோழியில் நான் அவசரப்பட்டுத் தோல் ஒட்டிவிட்டது. இரண்டாவது வாரம் அம்மாயி சொன்னபடி மூன்று தவணையாகப் போட்டேன். தானாகவே கழன்று வந்தது. அடியில் ஒட்டியிருந்த செந்நிறப் படிவத்தில் சின்ன வெங்காயத்தைப் போட்டு இரண்டு கரண்டித் தண்ணீர் தெளித்ததும் அத்தனையும் கரைந்து குழம்பின் நிறமே மாறிவிட்டது. தேங்காய் ஊற்றிய பிறகு கொடியில் துணி காயப்போட்டுவிட்டு வந்தும் அடிபிடிக்கவில்லை.

குறை ஒன்று உண்டு. சட்டியுடன் வந்த மூடி குவிந்த வடிவம். அதன் மேல் தண்ணீர் நிற்கவில்லை.

அம்மாயி கைப்பக்குவம் (காங்கயம்)

மூடியைப் பரண் மேல் போடு. வட்டல் இல்லையா வீட்டில்?

நொய்யல்கரை (கோவை)

இருக்கிறது, அம்மாயி. சீரில் வந்ததுதான், பெயர் வெட்டியது. விளிம்பில் கச்சிதமாக உட்காருகிறது.